விற்பனைக்கு: 1969 லான்சியா ஃபுல்வியா கூபே – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருக்கும் 1969 லான்சியா ஃபுல்வியா கூபே, ரேலி 1.3 எஸ் வண்டியை விற்கிறேன் என்று சொன்னதிலிருந்து ஐரோப்பாவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொன்னதில் ஒருவருக்குச் சொன்ன விஷயம் இன்னொருவருக்கு விட்டுப்போனது. வாங்குகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். குறைகளும் இதில் இருக்கின்றன.

ஃபெராரி தெரியும், ஆல்ஃபா ரோமியோ தெரியும். லான்சியா என்று ஒன்றா?

வின்சென்சோ லான்சியா 1906-ல் தூரின் நகரத்தில் தொடங்கிய கம்பெனி. இத்தாலிக்காரர்கள் 'லாஞ்சா' என்பார்கள். 1950, 60-களில் தங்கள் கார்களுக்குப் பழைய ரோமானியச் சாலைகளின் பெயர்களை வைத்தார்கள்: அப்பியா, அவுரேலியா, ஃப்ளமினியா, ஃப்ளாவியா. ஃபுல்வியாவும் தூரின் பக்கம் வந்த ஒரு பழைய சாலையின் பெயர்தான்.

நாலு கதவு ஃபுல்வியா 1963-ல் வந்தது. இரண்டு கதவு கூபே 1965-ல் வந்து 1976 வரை ஓடியது. அந்தக் காலத்து அழகான இத்தாலிய வண்டிகளில் பெரும்பாலானவை பினின்ஃபாரினா, பெர்தோனே போன்ற வெளி டிசைன் கூடங்களில் பிறந்தவை. இதை வரைந்தவர் பியெரோ கஸ்தஞேரோ, லான்சியாவிலேயே வேலை பார்த்தவர். ரீவா மோட்டார் படகுகளை மனதில் வைத்து வரைந்தார் என்று சொல்வார்கள். உள்ளே உட்கார்ந்தால் அது உண்மைதான் என்று தோன்றும். கூரையைத் தாங்கும் தூண்கள் விரல் பருமன்தான், சுற்றிலும் கண்ணாடி. மழை நாளில்கூட உள்ளே வெளிச்சம் குறையாது. எனக்கு இந்த வண்டியில் முதலில் பிடித்தது அந்த வெளிச்சம்தான்.

1969-ல் லான்சியாவை ஃபியட் வாங்கிவிட்டது. ஆம், நம் ஊர் பிரீமியர் பத்மினிக்கு மூலமான 1100-ஐச் செய்த அதே ஃபியட். அதற்குப் பிறகும் ஃபுல்வியா வந்தது, அவையும் நல்ல வண்டிகள்தான். ஆனால் முதல் தொடர் வண்டிகள் லான்சியா எஞ்சினியர்கள் தங்கள் மனம்போல, செலவைக் கணக்குப் பார்க்காமல் செய்தவை. என்னுடையது அந்த முதல் தொடரின் கடைசிக் காலத்து வண்டி.

எஞ்சினில் என்ன அப்படி விசேஷம்?

இது வி4. வழக்கமான வி எஞ்சினில் இரண்டு வரிசை சிலிண்டர்களும் நன்றாக விரிந்து நிற்கும், ஒவ்வொரு வரிசைக்கும் தனி சிலிண்டர் ஹெட் இருக்கும். ஃபுல்வியாவில் இரண்டு வரிசைக்கும் இடையே ஏறத்தாழ 13 பாகைதான். அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் நாலு சிலிண்டருக்கும் ஒரே ஹெட் போதும். அதில் இரண்டு கேம்ஷாஃப்ட்: ஒன்று உள்ளே இழுக்கும் வால்வுகளுக்கு, இன்னொன்று வெளியே தள்ளும் வால்வுகளுக்கு. இப்படி நெருக்கமான வி4-ஐ லான்சியா 1922-ல் வந்த லாம்ப்டா காரிலேயே செய்துவிட்டது. 40 வருடம் கழித்து ஃபுல்வியாவுக்காக அதைப் புதிதாக வரைந்தவர் எத்தோரே சக்கோனே மீனா. அவருக்கு மேலே தலைமை எஞ்சினியராக இருந்தவர் அந்தோனியோ ஃபெஸ்ஸியா.

பானெட்டைத் திறந்தால் எஞ்சின் 45 பாகை சாய்ந்து படுத்திருக்கும். பானெட் அவ்வளவு தாழ்வாக இருக்க முடிவது அதனால்தான். இந்த மாடலில் 1298 சிசி, இரண்டு சோலெக்ஸ் கார்புரேட்டர்கள், 90 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே. வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் கீழே. அதனால் எண் சின்னதாகத் தெரிந்தாலும் சாலையில் குறையே தெரியாது. முன்சக்கர இழுவை, நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 1960-களில் இந்த அளவு வண்டியில் இவை எல்லாம் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

மான்டே கார்லோ ரேலியில் ஜெயித்த வண்டி இதுதானா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972 மான்டே கார்லோவில் சாந்த்ரோ முனாரியும் மாரியோ மன்னுச்சியும் ஜெயித்தது 1.6 ஹெச்எஃப் என்ற பந்தய ரக ஃபுல்வியாவில். அதே வருடம் தயாரிப்பாளர்களுக்கான சர்வதேச ரேலி சாம்பியன் பட்டமும் லான்சியாவுக்குக் கிடைத்தது. முன்னால் பெரிய விளக்குகள் இருந்ததால் ஆரம்பகால 1.6 ஹெச்எஃப்-ஐ 'ஃபனலோனே' என்று அழைப்பார்கள். அதன் விலை வேறு ரகம். என்னுடையது அதன் தம்பி. பெயரில் 'ரேலி' என்று இருப்பது மாடலின் பெயர், இந்த வண்டி எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. சிலர் சாதாரண கூபேயின் பானெட்டுக்குக் கறுப்பு அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, ஹெச்எஃப் போலக் காட்டி விற்கிறார்கள். நான் அப்படி எதுவும் செய்யவில்லை. வண்டி பிறந்த நீலத்திலேயே இருக்கிறது.

ரெஸ்டோர் செய்தது என்றால் எந்த அளவுக்கு?

கேட்கிறவர்கள் எல்லாம் பெயின்ட்டைத்தான் கேட்கிறார்கள். பெயின்ட் கடைசி. ஃபுல்வியாவில் கேட்க வேண்டியது அடிவயிறு.

2016-ல் இதை வாங்கியபோது வெளியிலிருந்து பார்க்கப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். முன்பக்கம் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. கதவுக்கடியில் நீளவாக்கில் ஓடும் சில் மேல் வைத்தேன், வழுக்கிக் கீழே விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், அங்கேயும் விழுந்தது. ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டினால் 'டங்' என்று வர வேண்டிய இடத்தில் 'டொப்' என்று வந்தது. உளியை வைத்துச் சுரண்டினேன். விரல் கனத்துக்குப் பட்டி. பட்டிக்குக் கீழே கம்பி வலை. வலைக்குக் கீழே ஒன்றுமில்லை, தரை தெரிந்தது. முன்பு யாரோ பணம் வாங்கிக்கொண்டு செய்த 'ரெஸ்டோரேஷன்' அது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இப்படிப்பட்ட வண்டியில் இடிபட்டால் உள்ளே இருப்பவர் கதி என்ன?

அப்புறம் வண்டியை முழுதாகப் பிரித்தேன். ஃபுல்வியாவில் எஞ்சின், கியர் பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் எல்லாம் தனியான ஒரு சப்ஃப்ரேமில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சப்ஃப்ரேம் பாடியோடு போல்ட்டில் சேரும். சேரும் இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும், அதுவும் பின்பக்கக் கால்கள் தரைத் தகட்டோடு சேரும் மூலையில். அங்கே தண்ணீரும் மண்ணும் தேங்கும், ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தால்கூடக் கண்ணில் படாது. சப்ஃப்ரேமை இறக்கினால்தான் தெரியும். என்னுடையதில் இரண்டு பக்கமும் போயிருந்தது. புதுத் தகடு வெட்டி வெல்டிங் செய்தோம். சில்கள் இரண்டும் புதிது. பின் இலைச்சுருள் பட்டைகள் பாடியில் சேரும் இடம், டிக்கித் தரையின் மூலைகள், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள ஓரம் எல்லாம் வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தவை. வெல்டிங் வேலைக்கு மட்டும் 14 மாதம் ஆனது. செய்தவர் ஓய்வு பெற்ற ஒரு தகட்டு வேலைக்காரர், சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். ஒரு தகட்டை ஆறு முறை வைத்துப் பார்த்து ஏழாவது முறைதான் பற்றவைப்பார். அவரிடம் நான் கற்றது நிறைய.

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், 600-க்கு மேல் இருக்கும். வாங்குகிறவருக்கு எல்லாம் தருவேன். இந்த வண்டியை வாங்காவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பழைய இத்தாலிய வண்டி வாங்கினாலும் பெயின்ட் அடிப்பதற்கு முன்பு எடுத்த படங்களைக் கேளுங்கள். படம் இல்லை என்று சொன்னால் காந்தத்தை எடுங்கள்.

எஞ்சின் ஓவர்ஹால் ஆனதா?

முழுதாக ஆனது. புது பிஸ்டன்கள், ரிங்குகள், பேரிங்குகள், டைமிங் செயின், ஆயில் பம்ப். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. இரண்டு உலோகம் சேரும் இடத்தில் நல்ல கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டினால் ஹெட்டின் தண்ணீர்ப் பாதைகளை அரித்துவிடும். எங்கள் ஹெட்டிலும் அரிப்பு இருந்தது, நிரப்பி மட்டம் தட்டினோம். ஈயம் கலக்காத பெட்ரோலுக்குத் தாங்கும் கடினமான வால்வு சீட்டுகள் போட்டாயிற்று. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் உப்பிக் கசியும். பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றியிருக்கிறேன்.

ஓவர்ஹாலுக்குப் பிறகு 6,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் 1,000 கிலோமீட்டரில் இரண்டு முறை ஆயில் மாற்றினேன்.

எது ஒரிஜினல், எது மாற்றியது?

எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் பதிவில் உள்ளபடியே இருக்கின்றன. மரப் பலகை போட்ட டேஷ்போர்டு ஒரிஜினல். அதை மெருகேற்றவில்லை, வார்னிஷை மட்டும் புதுப்பித்தோம். இடது ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கிறது, அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மீட்டர்கள் ஒரிஜினல், உள்ளே சுத்தம் மட்டும் செய்தது. சீட்டுத் துணி புதிது. லான்சியாவுக்கென்றே இருந்த அந்தக் கம்பளித் துணியை இன்றும் நெய்து தருகிறார்கள், விலை அதிகம். துணியைத் தொட்டுப் பாருங்கள், கொடுத்த காசு தெரியும்.

மாற்றியவை: முன் சீட் பெல்ட்டுகள், எலக்ட்ரானிக் இக்னிஷன், தெர்மோஸ்டாட் வைத்த கூடுதல் ரேடியேட்டர் ஃபேன். மூன்றையும் பாடியில் புதிதாக ஓட்டை போடாமல் பொருத்தியிருக்கிறோம். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு முன்பு இருந்த பழைய பாயின்ட்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர் டிக்கியில் பெட்டியில் இருக்கிறது, விரும்பினால் ஒரு மணி நேரத்தில் திரும்ப மாட்டிவிடலாம்.

பெயின்ட்டை மேலே லேக்கர் பூசாத பழைய முறையில் ஒற்றை அடுக்காக அடித்தோம். இன்றைய கார்களைப் போலக் கண்ணாடி மாதிரி மின்னாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது என்னென்ன குறை இருக்கிறது?

கியர் பாக்ஸ் ஓவர்ஹால் செய்யவில்லை. சத்தம் இல்லை. ஆனால் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் தயங்கும், நாலைந்து கிலோமீட்டர் ஓடியபின் சரியாகும். வலது கதவு ரப்பர் கொஞ்சம் தடிமன், கதவை ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கிறது. பின் பம்பர் குரோமில் ஊசிமுனை அளவு புள்ளிகள். எஞ்சினுக்கடியில் ஒரு ராத்திரி நின்றால் இரண்டு மூன்று சொட்டு ஆயில் விழும். ஹீட்டர் வேலை செய்கிறது, ஆனால் பிப்ரவரி மாதத்துக்கு அது போதாது.

முதல் தொடரில் டன்லப் கம்பெனியின் பிரேக் அமைப்பு, 1970 முதல் வந்த இரண்டாம் தொடரில் கர்லிங் கம்பெனியுடையது. டன்லப் பாகங்கள் கிடைக்கும், ஆனால் விலை கூடுதல். என் வண்டியில் கேலிப்பர்கள் புதுப்பித்தவை, ஆகவே இப்போதைக்குக் கவலை இல்லை. பின்னால் வரும் செலவு இது என்று தெரிந்து வாங்குங்கள்.

ஓட்டுவதற்கு எப்படி இருக்கும்? தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போகலாமா?

தினமும் வேண்டாம். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் கண்டிப்பாக வேண்டாம். மேலே சொன்ன 14 மாத வேலையை உப்பு நாலு குளிர்காலத்தில் தின்றுவிடும்.

பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை. எஞ்சின் பாரம் முழுக்க முன் அச்சுக்கும் முன்னால் இருப்பதால் நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங் கனக்கும். வண்டி உருள ஆரம்பித்ததும் அந்தக் கனம் போய்விடும். காலையில் சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள், பிடித்துக்கொள்ளும். ஆயில் சூடாகும் வரை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போக வேண்டாம். சூடான பிறகு இந்த எஞ்சினுக்குச் சுற்றுதான் சாப்பாடு. 4,000-க்கு மேலே குரல் மாறும், கரகரப்பு போய் ஒரே சீரான இசையாகும்.

தூரினிலிருந்து லாங்கே மலைப்பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வளைவுச் சாலைகளில்தான் இதை அதிகம் ஓட்டியிருக்கிறேன். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவுக்குள் மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், முன் சக்கரங்கள் வண்டியைக் கையைப் பிடித்து இழுத்துப் போகும். வேகமாக உள்ளே போய்விட்டால் முன்பக்கம் வெளியே தள்ளும். பதறாமல் காலை லேசாக எடுத்தால் சரியாகிவிடும்.

நெடுஞ்சாலையில் 110-ல் நிம்மதியாகப் போகும். முதல் தொடரில் நாலு கியர்தான். ஐந்தாவது கியர் சாதாரண கூபேக்கு இரண்டாம் தொடரில்தான் வந்தது, ஆகவே 110-க்கு மேல் போனால் சத்தம் அதிகம்.

மைலேஜ்?

மலையிலும் சமவெளியிலும் சேர்த்து லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்.

பாகங்கள் கிடைக்குமா?

நினைப்பதைவிட நன்றாகவே கிடைக்கும். எஞ்சின் கேஸ்கெட், ரப்பர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ் போன்றவற்றைத் தூரின் சுற்றுவட்டாரத்திலும் இங்கிலாந்து, நெதர்லாந்து, ஜெர்மனியிலும் சிறப்புக் கடைகள் புதிதாகச் செய்து விற்கின்றன. கஷ்டம் அலங்காரப் பாகங்களில்தான்: முன் கிரில், விளக்கு வளையம், ஜன்னல் ஓரப் பட்டைகள். அவற்றுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் பழைய வண்டிகள் சந்தைக்குப் போக வேண்டும். பல வருடம் பதுவாவில் நடந்தது, 2023 முதல் போலோன்யாவில் நடக்கிறது. என் கிரில் அங்கே ஒரு மேசைக்கடியில், பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. வண்டியோடு இரண்டு பெட்டி உபரிப் பாகங்களும் தருகிறேன்.

பேப்பர்கள் சரியாக இருக்கின்றனவா?

இருக்கின்றன. வண்டி இத்தாலியப் பொது வாகனப் பதிவேட்டில் என் பெயரில் உள்ளது. தூரினின் பழைய கறுப்பு நம்பர் பிளேட் அப்படியே இருக்கிறது. 1985 வரைதான் கறுப்பு பிளேட் கொடுத்தார்கள், அதில் மாகாணத்தின் எழுத்துகளும் இருக்கும். முதல் பதிவிலிருந்து பிளேட் மாறவில்லை என்றால் வண்டி நெடுங்காலம் அந்த மாகாணத்திலேயே இருந்தது என்று அர்த்தம். இங்கே இதற்கு மதிப்பு அதிகம். தூரினைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய வாகனச் சங்கமான ஏஎஸ்ஐ கொடுத்த வரலாற்று முக்கியத்துவச் சான்றிதழும் உண்டு. இத்தாலியில் 30 வருடம் தாண்டிய வண்டிக்கு வழக்கமான சாலை வரி கிடையாது, ஓட்டுகிற வருடம் சிறு தொகை கட்டினால் போதும்.

வேறு நாட்டுக்குக் கொண்டு போகலாமா?

பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றிலும் 30 வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை இருக்கிறது. ஜெர்மனியில் நம்பர் பிளேட்டின் கடைசியில் 'ஹெச்' எழுத்து வரும். பிரிட்டனில் 40 வருடம் தாண்டினால் சாலை வரியும் இல்லை, வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. எங்கே கொண்டு போவதானாலும் ஏற்றுமதிக்காக இங்கே பதிவை நீக்கும் வேலையை நானே முடித்துத் தருகிறேன். அப்படி நீக்கினால் கறுப்பு பிளேட்டின் தொடர்ச்சி அறுந்துவிடும். அதனால் இத்தாலியிலேயே ஒருவர் வாங்கினால் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ என்று கேட்டவர்களுக்கு: ஸ்டீயரிங் இடப்பக்கம். பழைய வண்டி இறக்குமதிக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, வரியும் கனம். நான் அதை நம்பி முன்பணம் வாங்க மாட்டேன்.

விலை என்ன? குறைப்பீர்களா?

19,500 யூரோ. இதைவிட மலிவாக ஃபுல்வியா கிடைக்கும், நானும் பார்க்கிறேன். கிடைத்தால் அடியில் படுத்துப் பாருங்கள். வெல்டிங், பெயின்ட், எஞ்சின், துணி என்று நான் செலவழித்தது இந்த விலையைவிட அதிகம். அதை உங்களிடம் வசூலிக்க முடியாது, அது நியாயமும் இல்லை. நேரில் பார்த்து, ஓட்டி, ஒரு குறையைக் காட்டி அதற்கு இவ்வளவு குறைக்கலாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். பார்க்காமலே "கடைசி விலை என்ன" என்று கேட்பவர்களுக்கு மேலே உள்ளதுதான் கடைசி விலை.

முதலீடாக வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஃபனலோனே வாங்குங்கள். இது ஓட்டுவதற்கான வண்டி. மூன்று மாதம் நிறுத்தி வைத்தால் கார்புரேட்டர் பிசுபிசுக்கும், பிரேக் இறுகும்.

இவ்வளவு பிடித்திருந்தும் ஏன் விற்கிறீர்கள்?

இரண்டு பிள்ளைகள். பின் சீட் பெயருக்குத்தான், வளர்ந்த கால்களுக்கு இடமில்லை. முதுகுவலியால் கார் அடியில் படுத்து வேலை செய்யவும் முடியவில்லை. கடந்த வருடம் மொத்தமே 300 கிலோமீட்டர்தான் ஓட்டினேன். இந்த எஞ்சினுக்கு அது பட்டினி.

எப்போது வந்து பார்க்கலாம்?

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில். மெக்கானிக்கை அழைத்து வாருங்கள், லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன், செலவு என்னுடையது. பழைய வண்டியை எஞ்சின் சூடாக இருக்கும்போது காட்டுகிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள், ஸ்டார்ட் ஆவதில் உள்ள கோளாறு அப்போது தெரியாது. நீங்கள் வரும் வரை நான் சாவியைத் தொட மாட்டேன். வந்ததும் முதலில் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். அப்புறம் சோக்கை இழுத்து நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்.